அடுத்து வாங்கும் கருவி

வீட்டில் ஒரு மூலையை ஒதுக்கி அங்கே சிறு பட்டறை வைத்திருப்போர் எவரும் ஒரு வினாவுக்குத் தப்பியதில்லை. அடுத்து எந்தக் கருவியை வாங்குவது என்பதே அவ்வினா. முதற் சுத்தியலையும் முதல் வாளையும் வாங்கும்பொழுது இவ்வினா எழுவதில்லை. தேவை தானே வந்து கையைப் பிடித்து அழைத்துச் செல்லும். ஏழெட்டுக் கருவிகள் சேர்ந்த பின்னரே மனம் அலையத் தொடங்குகின்றது. கடையின் கண்ணாடிக்குள் இருப்பது ஒன்று, அயலவர் கையில் இருப்பது ஒன்று, கைத்தொலைபேசியிற் படமாக ஓடுவது ஒன்று என, ஒவ்வொன்றும் தன்னையே வாங்கும்படி அழைக்கின்றது. பணமோ ஒன்றுக்குத்தான் போதும்.

இவ்வினாவை அற்பமென்று தள்ளிவிடலாகாது. படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு கருவிக்குச் செலவிடும் பணம், ஒரு புத்தகத்துக்கோ ஒரு சோடிச் சப்பாத்துக்கோ செலவிடக்கூடிய பணமாகும். தகாத கருவி கட்டிலின் கீழே பெட்டியோடு கிடக்கும். தகுந்த கருவியோ வீட்டிலுள்ளோர் கைகளையே மாற்றிவிடும். ஆகவே, எமது வீட்டில் இவ்வினாவுக்கு நாம் விடை கண்ட விதத்தை இங்கே எடுத்துரைப்பது, இதே நிலையிலிருக்கும் குடும்பங்களுக்கும் மாணவர்க்கும் பயன்படக்கூடும்.

எமது பட்டறை பெரியதொன்றன்று. பின் விறாந்தையின் கிழக்கு மூலையிற் பத்தடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள இடம். அங்கே ஒரு பழைய வாங்கு. சுவரிலே தொங்கும் கைவாள் ஒன்று, சுத்தியல் இரண்டு, மூலைமட்டம், குறடு, திருப்புளிகள் சில, கையாற் சுற்றும் துறப்பணம் ஒன்று. இவற்றோடு மூன்று உளிகளும், கட்டையில்லாத சீவுளி அலகு ஒன்றும் உண்டு.

அந்த மூன்று உளிகளும் அலகும் பாடசாலையில் மரவேலை கற்பித்த எம் தந்தையாருடையவை. 1995ஆம் ஆண்டு ஒற்றோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஊரையே விட்டுத் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்ட இரவில், அவர் தமது கருவிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். பெட்டியைச் சுமக்க இயலாது. உளிகளில் மூன்றை எடுத்துப் பழஞ் சாரமொன்றிற் சுற்றினார். பின்னர்ச் சீவுளியின் ஆப்பைத் தட்டிக் கழற்றி அலகை மட்டும் எடுத்துக்கொண்டு, மரக்கட்டையை அங்கேயே வைத்தார். “கட்டையைப் பிறகு செய்யலாம், இந்த உருக்கைச் செய்ய முடியாது” என்றார். அக்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பல பொருள்கள் வருவது தடைப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு நாம் சாவகச்சேரியிலிருந்து திரும்பி வந்தபொழுது பெட்டி இருந்த இடம் வெறுமையாய் இருந்தது. கட்டையைச் செய்யுமுன்னரே தந்தையார் மறைந்தார். அலகு துருவேறிக் கிடந்தது.

சென்ற ஆண்டு தைப்பொங்கல் கழிந்த பின்னர், வீட்டுச் செலவுபோகச் சிறு தொகை மிஞ்சியது. பட்டறைக்கு ஒரு கருவி வாங்கலாம் என்று முடிவாயிற்று. எக்கருவி என்பதிலேதான் வீடு மூன்றாகப் பிரிந்தது.

எம் மகனுக்குப் பதினாறு வயது. மின்சாரத் துறப்பணம் ஒன்று வேண்டுமென்று அவன் கேட்டான். கடைகளில் இதனை ‘ட்றில் மெசின்’ என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். தமக்கையின் பரீட்சைக்கு முன்னர் அவளுடைய புத்தகங்களுக்குச் சுவரிலே தட்டு அடித்துக் கொடுப்பதாக அவன் வாக்களித்திருந்தான். உறவினர் ஒருவர், வாங்குவதென்றால் மின்சார வட்டவாளை வாங்குங்கள், பலகை அரிவதெல்லாம் நொடியில் முடியும் என்றார். எம் இல்லாள் கருவி எதனையும் கேட்கவில்லை. மாரியில் இறுகிப்போகும் குசினிக் கதவு ஒழுங்காகச் சாத்துப்படவேண்டும் என்று மட்டுமே கேட்டார். ஏனையோர் கருவியின் பெயரைச் சொன்னபொழுது, அவர் ஒருவரே வேலையின் பெயரைச் சொன்னார் என்பது கவனிக்கத்தக்கது.

மகன் கேட்டதை எளிதில் மறுக்க முடியவில்லை. பாடசாலை விட்டு வந்ததும் அவன் நேரே பட்டறைக்கே வருவான். பதினாறு வயதில் ஒரு பிள்ளையின் விருப்பத்தைக் காரணங் கூறாது தட்டிவிட்டால், அவன் பட்டறையை விட்டுப் போய்விடுவான்; போனால் மீண்டும் வருவது அரிது. எனவே, கருவியைத் தெரிவதோடு, அவனும் ஏற்கும் வகையில் தெரிவதும் எமக்கு வேண்டியதாயிற்று.

மின்துறப்பணத்தின் பெருமை உண்மையானதே. செருமனியின் ஸ்ருட்கார்ட் நகரில் ஃபைன் நிறுவனத்தார் 1895இல் கையாற் பிடித்து வேலைசெய்யும் மின்துறப்பணத்தைச் செய்தனர். 1961இல் அமெரிக்காவில் பிளாக் அன்ட் டெக்கர் நிறுவனத்தார் கம்பியின்றி மின்கலத்தால் இயங்கும் துறப்பணத்தை வெளியிட்டனர். இன்று இலித்தியம் மின்கலத்தோடு வருபவை கையடக்கமானவை. துளையிடவும் உதவும், திருகாணி முடுக்கவும் உதவும். ஆனால் மின்கலத்துக்கும் ஆயுள் உண்டு. சில ஆண்டுகளில் அது தளர்ந்தால் புதிய மின்கலத்தின் விலை கருவியின் விலையிற் பெரும்பங்காகும். கம்பியுள்ளதை வாங்கினால் அக்கவலை இல்லை. ஆயின் மின்சாரத்தை நம்பவேண்டும். 2022ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் நம் நாட்டிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திரார். அந்நாள்களில் எம் பட்டறையிற் பொழுது சாயும்வரை கைவாள் ஓடிக்கொண்டிருந்தது.

வட்டவாளைப்பற்றி எமக்கு வேறு தயக்கம் இருந்தது. ஏழேகால் அங்குல அலகு நிமிடத்துக்கு 5000 முறை அளவிற் சுழல்வது. பத்தடி விறாந்தையில், பிள்ளைகள் வந்துபோகும் வழியில் அதற்கு இடமில்லை. அதன் தூளும் ஆபத்தானது. மரத்தூள் மனிதரிற் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களில் ஒன்றென்று அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1995இல் வகைப்படுத்தியது. அவ்வாளை வாங்குவோர், கண்ணாடியும் முகக்கவசமும் காதடைப்பும் தூளை உறிஞ்சும் ஏற்பாடும் சேர்த்தே விலையைக் கணக்கிடல் வேண்டும். அவ்வாறு கணக்கிட்டபொழுது எமது தொகை பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

விவாதம் இவ்வாறு முடிவின்றி நீண்டபொழுது, எம் மகள் ஒரு வழி கூறினாள். அவள் உயர்தரத்தில், 2013இல் நம் பாடசாலைகளுக்கு வந்த தொழினுட்பப் பிரிவிற் கற்பவள். “எது வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வோம், அப்பா. வேலை எங்கே நிற்கிறது என்று எழுதிப் பார்ப்போம்” என்றாள். ஓர் அப்பியாசக் கொப்பியை நூலிற் கட்டிப் பட்டறைச் சுவரிலே தொங்கவிட்டாள். வேலை தடைப்படும் ஒவ்வொரு முறையும், தடைப்பட்டவர் திகதியையும் காரணத்தையும் தம் கையால் எழுதவேண்டும். மூன்று மாதம் கழியும்வரை பணத்தை எவரும் தொடுவதில்லை.

மாசி பிறந்து சித்திரை முடிவதற்குள் கொப்பியில் இருபத்துநான்கு குறிப்புகள் சேர்ந்தன. துளையிட வழியின்றி வேலை நின்றது நான்கு முறை. சீவுளி இல்லாமையால் நின்றது மூன்று முறை. மரத்தை அசையாமற் பிடிக்க வசதியின்றி நின்றது ஆறு முறை. மீதிப் பதினொரு முறையும் காரணம் ஒன்றே: உளி மழுங்கல். அப்பதினொன்றில் ஏழு, மகனுடைய கையெழுத்தில் இருந்தன.

அவன் கொப்பியை இருமுறை புரட்டிப் பார்த்தான். அவனுடைய முகம் வாடியதை நாம் கண்டோம். ஆனால் அவன் மறுத்துப் பேசவில்லை. தான் எழுதியதைத் தானே மறுப்பது எங்ஙனம்? “அப்படியானால் தீட்டுகல்லா, அப்பா?” என்று மட்டும் கேட்டான்.

ஆம், தீட்டுகல்லே. கடைக்குச் செல்லும்வரை எவரும் எண்ணாத பொருள் அது. ஒரு பக்கம் பருமனும் மறு பக்கம் நுண்மையுமான கல் ஒன்றும், அதனினும் நுண்ணிய கல் ஒன்றும் வாங்கினோம். தொகையிற் பாதிக்குமேல் மிஞ்சியது.

இக்கல்லுக்கும் நமக்கும் உள்ள உறவு பலர் அறியாதது. கனிப்பொருள்களுள் வைரத்துக்கு அடுத்த கடினமுடையதாகச் சொல்லப்படும் பொருளை ஆங்கிலேயர் ‘கொறண்டம்’ என்பர். அச்சொல் நமது ‘குருந்தம்’ என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து அவர்கள் மொழிக்குச் சென்றது. செருமானிய அறிஞர் மோஸ் 1812இல் வகுத்த கடினவரிசையில் வைரத்துக்கு இலக்கம் 10. குருந்தத்துக்கு இலக்கம் 9. இரத்தினபுரியில் தோண்டி எடுக்கும் நீலமும் மாணிக்கமும் குருந்தத்தின் வகைகளே. நிறமும் தெளிவும் இருந்தால் அது மோதிரத்துக்குச் செல்கிறது. இல்லாவிடின் தூளாகிச் சாணைக்குச் செல்கிறது. 1891இல் அமெரிக்கரான எட்வட் அச்சிசன் மின் உலையிற் புதியதொரு கடின பொருளை உண்டாக்கி, அது கரியும் குருந்தமும் சேர்ந்தது எனக் கருதி அதற்குக் ‘கார்பொரண்டம்’ எனப் பெயரிட்டார். உண்மையில் அது கரியும் சிலிக்கனும் சேர்ந்தது. எனினும் பெயர் நிலைத்துவிட்டது. கடையில் நாம் வாங்கிய கல்லும் அவ்வகையினதே. அதன் பெயரிலே நம் சொல் ஒன்று மறைந்திருக்கின்றது என்று கூறியபொழுது, மகன் கல்லைத் திருப்பிப் பார்த்தான்.

தீட்டுதல் கடினமான கலையன்று, பொறுமையான கலை. இரண்டு சமதளங்கள் ஒன்றையொன்று சந்திக்கும் கோடே கூர் எனப்படுவது. ஆகவே சரிவுள்ள முகத்தை மட்டும் தீட்டினாற் போதாது. பின்முகமும் தட்டையாய் இருத்தல் வேண்டும். முதலிற் பின்முகத்தைக் கல்லின்மேற் படியவைத்துத் தேய்க்கவேண்டும். இது ஒரு முறை செய்யும் வேலை. பின்னர்ச் சரிவைத் தீட்டவேண்டும். மரவேலை உளிக்கு 25 முதல் 30 பாகைவரை சரிவு பொருந்தும். கோணமானி இல்லாதவர்க்கும் ஓர் அளவு உண்டு: சரிவின் நீளம் உளியின் தடிப்பைப்போல் இரு மடங்காயின் கோணம் சரியாக 30 பாகை. இது ஏன் என்பதைத் திரிகோணகணிதம் கற்கும் மாணவர் தாமே கண்டுகொள்வர். தீட்டத் தீட்டப் பின்முகத்தின் ஓரத்திலே மெல்லிய பிசிறு எழும். விரல் நுனியால் வருடினால் தெரியும். பிசிறு ஓரம் முழுவதும் எழுந்தால் அந்தக் கல்லின் வேலை முடிந்தது. பின்னர் நுண்கல்லுக்கு மாறி, இறுதியிற் பின்முகத்தைத் தட்டையாக வைத்துப் பிசிறை நீக்கவேண்டும். கல்லின் நடுவிலேயே தேய்த்தாற் கல் குழிந்துவிடும். முழுப்பரப்பிலும் தேய்த்தல் வேண்டும். குழிந்த கல்லையும் கண்ணாடித் துண்டின்மேல் ஒட்டிய மண்கடதாசியில் உரைத்துச் சமமாக்கலாம்.

மழுங்கிய உளியே கையை வெட்டும் என்று எம் தந்தையார் கூறுவதுண்டு. கூருள்ள உளி மெல்லத் தள்ளும்போதே மரத்தினுட் செல்லும். மழுங்கிய உளியைப் பலங்கொண்டு தள்ளவேண்டும். பலங்கொண்டு தள்ளுவது வழுக்கினால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

இரண்டு கிழமைக்குள் மகன் மூன்று உளிகளையும் தீட்டிவிட்டான். முன்பு முதிரைப் பலகையில் துள்ளி விழுந்த உளி, இப்பொழுது குறுக்கு முகத்திலும் மெழுகை வெட்டுவதுபோல் வெட்டியது. ஒரு நாள் அவன் துருவேறிய சீவுளி அலகைக் கொண்டுவந்து, “இதுவும் தேறுமா?” என்று கேட்டான். துரு மேற்பரப்போடு நின்றிருந்தது. நான்கு மாலைகள் தேய்த்தபின்னர் உள்ளிருந்த வெண்மை வெளிப்பட்டது. அலகு தேறியதும் கட்டை வேண்டும் அல்லவா? பழைய வீட்டின் யன்னல் நிலையிலிருந்து எஞ்சிய முதிரைத் துண்டொன்று வளவிற் கிடந்தது. ஆண்டுக்கணக்காகக் காய்ந்து நெளிவின்றி இருந்த அத்துண்டை அவன் எடுத்தான்.

சீவுளியின் அமைப்பு பழமையானது. அலகு 45 பாகைச் சரிவிற் படுத்திருக்கும்; அதன்மேல் ஆப்பு; ஆப்பை எதிர்த்து நிற்கக் குறுக்கே ஓர் இரும்புக் கம்பி. உரோமர் காலத்துச் சீவுளிகளிலும் இம்முறையே காணப்படுகின்றது. கட்டையின் நடுவே சரிவான குழியைத் தோண்டுவதுதான் கடினம். கூருள்ள உளிகள் இருந்தமையால் அவனால் அது முடிந்தது. குறுக்குக் கம்பிக்கு நேரான துளை வேண்டும். அதற்கு அயல்வீட்டாரின் மின்துறப்பணத்தை ஒரு மாலைக்கு இரவல் வாங்கினான். அதே மாலையிற் சுவரில் எட்டுத் துளையிட்டுத் தமக்கையின் புத்தகத் தட்டையும் மாட்டி முடித்தான். கைம்மாறாக அயல்வீட்டாரின் கத்திகள் மூன்றையும் அரிவாளையும் தீட்டிக் கொடுத்தான். ஆண்டில் ஒரு மாலைக்கு வேண்டிய கருவியை வாங்குவதினும் அயலாரோடு பகிர்ந்துகொள்வதே சிறப்பென்பதை அவன் தானாகவே கண்டுகொண்டான்.

ஆவணியிற் குசினிக் கதவைக் கழற்றினோம். ஈரத்தை உறிஞ்சும் மரம் நீளத்தில் வளர்வதில்லை, அகலத்திலேயே வீங்கும். கதவு எங்கே உரசுகிறது என்பதை மாரியிலேயே பென்சிலாற் குறித்து வைத்திருந்தோம். மகன் சீவுளியைத் தள்ள, மெல்லிய சீவல் ஒன்று சுருண்டு எழுந்து நிலத்தில் விழுந்தது. எம் இல்லாள் அதை எடுத்து வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்து, “மாமாவின் சீவுளி இப்படித்தான் சீவும்” என்றார். அதற்குமேல் எவரும் ஒன்றும் பேசவில்லை. சீவிய ஓரத்துக்கு உடனே வாணிசு பூசினோம். பூசாது விட்டால் அவ்வழியே ஈரம் மீண்டும் புகும். ஐப்பசி மழையிற் கதவு தடையின்றிச் சாத்துப்பட்டது.

இதனால் எல்லா வீட்டாரும் தீட்டுகல்லையே வாங்கவேண்டும் என்று நாம் கூறவரவில்லை. வேறொரு வீட்டுக் கொப்பி வேறொரு விடையைத் தரும். நாளும் இருபது துளையிடுவோர் மின்துறப்பணத்தை வாங்காமல் இருப்பது பேதைமை. நாம் கூறுவது முறையைப்பற்றியே. கருவியின் பெயரை முதலிற் சொல்லாது, செய்யவேண்டிய வேலையின் பெயரை முதலிற் சொல்லுங்கள். வேலை எங்கே நிற்கின்றதென்று சில மாதம் எழுதிப் பாருங்கள். வீட்டிலுள்ளோர் யாவரும், சிறுவரும் உட்பட, தத்தம் கையால் எழுதட்டும். ஆண்டில் ஓரிரு நாள் மட்டும் வேண்டியதை இரவல் வாங்குங்கள். வாங்கியதை வாங்கியபொழுது இருந்ததினும் நல்ல நிலையிலே திருப்பிக் கொடுங்கள். கருவியின் விலையோடு கண்ணுக்கும் மூச்சுக்கும் வேண்டிய காப்பின் விலையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். புதியது வாங்குமுன், உள்ளவை யாவும் தம் முழு வேலையையும் செய்கின்றனவா என்று பாருங்கள். பல வீடுகளிற் புதிய கருவி வேண்டுமென்று தோன்றுவது, பழைய கருவி கூரின்றிக் கிடப்பதனாலேயே ஆகும்.

கொப்பி இன்னும் சுவரிலே தொங்குகின்றது. மழுங்கல் என்னும் சொல் ஆடிக்குப் பின்னர் அதில் ஒரு முறையேனும் எழுதப்படவில்லை. இப்பொழுது அதிகம் காணப்படுவது, மரத்தைப் பிடிக்க வழியில்லை என்பதே. மிஞ்சிய பணம் அலுமாரியில் இருக்கின்றது. வாங்கின் ஓரத்திற் பூட்டும் இரும்பு வைஸ் ஒன்றின் அகலத்தை மகன் நேற்று அளந்துகொண்டிருந்தான். அதனை வாங்குமாறு அவன் எம்மைக் கேட்கவில்லை. கொப்பியிற் குறிப்புகள் இன்னும் மூன்று சேரட்டும் என்றான்.